நாற்பத்தொன்றாம் வீட்டின் மூச்சு

செவ்வாய்க் குடியிருப்பின் தொண்ணூறு வீடுகளும் ஒவ்வொரு நாள் காலையிலும் மூச்சுவிட அனுமதி கேட்கும். சுவருக்குள் இருக்கும் காற்றாக்கிக்குத் தானாக இயங்கத் தெரியாது. பூமியில் இருக்கும் நிறுவனத்தின் கணினி மையத்துக்குச் செய்தி அனுப்பும்; பதில் வந்த பிறகுதான் அன்றைய காற்றைத் தரும். போய்வர இருபது நிமிடம். அதற்குள் கோமகள் காப்பி போட்டுவிடுவாள்.

காற்றாக்கியைப் பொருத்திய நாளில் விற்பனையாளனிடம் கேட்டிருந்தாள். "எங்களைப் பிடிக்கலைன்னா நிறுத்திடுவீங்களா?"

"என்னம்மா நீங்க! மூச்சுல போய் விளையாடுவோமா?" என்று சிரித்தான் அவன்.

நிறுத்த முடியும் என்று ஒப்பந்தத்தின் அறுபத்திரண்டாம் விதியில் இருந்தது. அவ்வளவு தூரம் யார் படித்தார்கள்?

அன்று பச்சை விளக்கோடு ஓர் அறிவிப்பும் வந்தது. பக்கத்து வீட்டு நஸீரா சர்ச்சைக்குரிய வாடிக்கையாளர் என்று புகார்கள் வந்திருக்கின்றன. நிறுவனத்துக்குச் சொந்தக் கருத்து கிடையாது. குடியிருப்பில் அவரைத் தவிர ஒரே ஒருவர் துண்டிப்பை மறுத்தாலும் நாற்பத்தொன்றாம் வீட்டுக்குச் சேவை தொடரும். நண்பகல்வரை அவகாசம்.

சேவை நின்றால் நஸீரா அடுத்த சரக்குக் கப்பலில் பூமிக்குத் திரும்ப வேண்டும். பதினைந்து ஆண்டுகள் செவ்வாயில் மெலிந்த எலும்புகள் பூமியில் எழுந்து நிற்க விடா. அது எல்லோருக்கும் தெரியும்.

நஸீரா நீர்ப் பரிசோதகர். குடிநீரில் தைராய்டைக் கெடுக்கும் உப்பு கலந்திருப்பதாக எழுதினாள். பூமி அதைப் படித்தது. வரவிருந்த குடியேற்றக் கப்பல் ரத்தானது. பல வீடுகளின் உறவுகள் அதில் வருவதாக இருந்தது. கோமகளின் தங்கையும்தான்.

பத்து மணிக்கு நஸீரா கையில் ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுத் தண்ணி கொஞ்சம் வேணும். சோதிக்க."

"இன்னிக்குக்கூடவாடி?"

"நாளைக்கு இருப்பேனோ என்னவோ." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தங்கச்சி வர முடியலைன்னு என்மேல கோவமா?"

"கோவந்தான். அதுக்காக மூச்சை நிறுத்துவாங்களா? இத்தனை வீட்டுல ஒருத்தராவது மறுக்க மாட்டாங்களா? போடி, பயப்படாதே."

"அந்த ஒருத்தர் யாருக்கா?"

கோமகள் பாட்டிலை நிரப்புவதிலேயே கவனமாக இருந்தாள்.

நஸீரா போன பிறகு திரையைத் திறந்தாள். 'மறுக்கிறேன்' என்ற கட்டத்தின் கீழே, மறுப்பவரின் பெயர் அனைவருக்கும் காட்டப்படும் என்றிருந்தது. விரல் நின்றது. நாளைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தன் மேசையிலிருந்து ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்வதை மனக்கண்ணில் பார்த்தாள். தங்கையின் முகமும் வந்தது. எது தன்னைத் தடுக்கிறது, பயமா, இன்னும் ஆறாத கோபமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அதற்கு வேறு பெயர் வைக்கத்தான் மனம் அவசரப்பட்டது.

அறிவிப்பின் ஓரத்தில் சின்னச் சின்ன முகங்கள் இருந்தன. கண்ணீர் வடிக்கும் முகத்தை அழுத்தினாள். உடனே நெஞ்சு லேசானது. தான் நஸீராவின் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் கோபமும் வராது. அவளுக்கு முன்பே பலர் அழுதிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு முகங்கள் சேர்ந்தன. எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நெகிழ்ந்தாள். இவர்களில் யாரோ ஒருவர் நிச்சயம் மறுத்துவிடுவார்.

நண்பகலில் பொதுச்சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த நஸீரா வீட்டுக் காற்றாக்கியின் ரீங்காரம் நின்றது. திரையில் நிறுவனத்தின் செய்தி வந்தது.

"மறுப்பு: இல்லை. கண்ணீர்: எண்பத்தொன்பது. உங்கள் பிரியாவிடையை நஸீரா அவர்களிடம் சேர்த்துவிட்டோம். இவ்வளவு அன்பைப் பெற்ற ஒரு வாடிக்கையாளரை நாங்கள் இதுவரை துண்டித்ததில்லை."