எச்சில் சாயும் பக்கம்

நான் பல் டாக்டரிடம் நர்ஸ். ஊரார் எச்சிலைத் துடைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது, எளிதில் குமட்டாது. ஆனால் தம்பியை வீட்டுக்கு இழுத்துப்போக அவன் வேலை பார்க்கும் ஆன்டெனா மைதானத்து அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். புளித்த வாய் நாற்றம். சுவரெல்லாம் பிசுபிசுவென்று ஈரம்.

தம்பி ரேடியோ வானியல்காரன். பிரபஞ்சம் பிறந்த புதிதில் எங்கும் ஹைட்ரஜன்தானாம். அது அனுப்பிய ரேடியோ சிக்னல் இப்போதுதான் இங்கே வந்து சேர்கிறதாம். அந்த அணுக்கள் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருந்தால், அப்போதே காந்தப்புலம் இருந்தது என்று அர்த்தமாம். இதற்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்தைத் தேடுகிறவனுக்குப் பல் தேய்க்க நேரமில்லை.

நாற்காலியில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

"கிளம்புடா."

"கிடைச்சிடுச்சுக்கா," என்று கிசுகிசுத்தான். "எல்லாம் ஒரே பக்கமா திரும்புது. ஆனா திருப்புறது காந்தம் இல்ல."

"குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"நம்ம உடம்புலயும் ஹைட்ரஜன் இருக்குல்லக்கா."

அவன் கடைவாயில் எச்சில் வழிந்தது.

கீழே விழவில்லை.

நூலாக நீண்டு, படுக்கைவாக்கில், ஆன்டெனா இருந்த பக்கம் பார்த்துத் துடித்தது. வெறுங்கையால் துடைத்தேன். வெதுவெதுப்பாக விரலிடுக்கில் நெளிந்து, அந்தப் பக்கமே இழுத்தது. சீ! கையை வெட்டி எறியலாம் போலிருந்தது.

அவனைக் காரில் திணித்தேன். தூரம் போனால் விட்டுவிடும் என்று நம்பினேன். எனக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். அவன் வாயில் மறுபடி எச்சில் நூல் நீண்டது; சாலை வளையும்போதெல்லாம் அதுவும் திரும்பி, விட்டு வந்த இடத்தையே காட்டியது. பாதி வழியில் அறுந்து அவன் மடியில் விழுந்தது. நேராகக் கீழே. நிம்மதியில் அழுதுவிட்டேன்.

வீட்டில் குளித்தான், சாப்பிட்டான். "உன் சமையல் இன்னும் தேறலக்கா," என்று சிரிக்கக்கூடச் செய்தான். மாலை வெயில் ஜன்னலில் இருக்கும்போதே தூங்கிப்போனான். போர்வையை இழுத்துவிடக் குனிந்தேன்.

வாயோரம் ஒரு துளி.

தலையணையில் படவில்லை. மேலே எழும்பியது.

விலகினேன், அதுவும் கூடவே நகர்ந்தது. கட்டிலின் மறுபக்கம் ஓடினேன். துளி அவன் கன்னத்தின் மேல் ஊர்ந்து, என்னை நோக்கித் திரும்பியது. வாயை இறுக மூடினேன்.

உள்ளே என் எச்சில் திரண்டு பல்லுக்குப் பின்னால் வந்து, அவன் பக்கமாக முட்டிக்கொண்டு நின்றது.