ஒரு படி கருத்த நீலம்

படாரென்று தகரக் கதவு சுவரில் மோதிய சத்தத்தில் தங்கலட்சுமியின் கையிலிருந்த காபி தளும்பிப் புடவையில் கொட்டியது.

"அக்கா, கேஸு!" என்றபடி உள்ளே வந்தான் ஆட்டோ ஜெயக்குமார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "பூட்டுன வீட்டுக்குள்ள புகுந்திருக்கான். ஒரு சாமானையும் எடுக்கல. பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிருக்கான்!"

"சுவத்துக்கா?"

"இஞ்சினுக்கு."

தங்கலட்சுமி புடவையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். தடய அறிவியல் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அருப்புக்கோட்டையில் தனியாகக் குடியிருப்பவள். அவள் வாசலுக்கு வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பால்காரர், இன்னொருவன் ஜெயக்குமார். இன்று அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றார். வாசற்படியைக் காலால் துழாவிப் பார்த்துத்தான் ஏறினார். அடிபட்ட புறாவைப் போல் எதையோ துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

துண்டைப் பிரித்தார். ஒரு சாண் நீளத்தில் ஒரு டீசல் இஞ்சின். கைப்பிடிக் கம்பி, ஹாரன், சன்னல், எல்லாம் அச்சு அசல். உடம்பு கருநீலம், நடுவே பாலாடை நிறத்தில் ஒரு பட்டை.

"பேரு தனுஷ்கோடிங்க. ரயில்வேயில டிரைவரா இருந்தவன். மானாமதுரை லைன் மீட்டர்கேஜா இருந்தப்போ திருச்சுழி வழியா நான் ஓட்டுன இஞ்சின் இது. எட்டு மாச உழைப்பு. புதன்கிழமை திருச்சுழி தாலுகா ஆபீஸுக்குப் போயிட்டு சாயங்காலம் பஸ்ஸுல வந்து பார்க்கேன், மேல வேற பெயிண்ட்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"கருத்துப்போச்சேம்மா! அதே நீலம்தான். ஆனா ராத்திரி மாதிரி கருத்துக் கெடக்கு." இஞ்சினைத் திரும்பத் துண்டில் பொதிந்தார். "ஞாயித்துக்கிழமை மதுரையில மாடல் ரயில் கண்காட்சி. பதினோரு இஞ்சினைப் பெட்டியில கட்டிட்டேன். இது பன்னெண்டாவது. அங்க வர்றவுக எல்லாம் அந்த லைன்ல வேலை பார்த்தவுக. நிறம் ஒரு மயிரிழை தப்புனாலும் 'டிரைவருக்கு அவரு ஓட்டுன வண்டியே மறந்துபோச்சு'ம்பாக. சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. மக நியூசிலாந்துல. இந்தப் பன்னெண்டைத் தவிர எனக்கு என்னம்மா இருக்கு?"

அந்தக் கேள்வியைத் தங்கலட்சுமியும் பல மாலைகளில் சுவரிடம் கேட்டிருக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தனுஷ்கோடியின் வீடு நெசவாளர் தெருவின் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் வேலிக்கருவேலமும் வெயிலும்தான். பக்கத்து வீட்டு முற்றத்தில் மூங்கில் கழிகளில் சாயம் போட்ட நூல் சிட்டங்கள் ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கின. நன்றாகப் பழுத்த அரக்கு நிறம்.

"அது யார் வீடு?"

"சென்னகேசவன்னு ஒருத்தரு. சாயப்பட்டறை," என்றார் தனுஷ்கோடி சுருக்கமாக. "பேச்சுவார்த்தை இல்ல. சாயத் தண்ணியை எங்க வாசல்ல விட்டாருன்னு நகராட்சியில மனு குடுத்தேன். நாலு வருஷம் ஆச்சு."

சமையல்கார ராக்கம்மாள் வாசலிலேயே சண்டைக்குத் தயாராக நின்றாள். "வாங்கம்மா, நல்லா விசாரிங்க! பதினோரு மாசமா இவுகளுக்குச் சோறு பொங்குறேன். சாவி என்கிட்ட இருக்காம், அதனால நான்தான் களவாணியாம். சாவி மீட்டர் பெட்டிக்குள்ள கெடக்குங்கிறது தெருநாய்க்கே தெரியும்!"

"ஞாயித்துக்குள்ள உண்மை தெரியலைன்னா போலீஸுக்குத்தான் போவேன்," என்றார் தனுஷ்கோடி.

"போங்க. அப்படியே ஓட்டலுக்கும் போங்க, சாப்பாட்டுக்கு!"

ஜெயக்குமார் தங்கலட்சுமியின் காதோரம் குனிந்தான். "அக்கா, எனக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. விருதுநகர் சக்திகுமார். அவனும் ரயில் மாடல் பண்றவன். போட்டி! இன்னைக்குப் பெட்டிகளை மதுரைக்கு ஏத்திட்டுப் போற சாக்குல நைஸா கார்ல வாரான்."

"வரட்டும்," என்று அவள் வேலை மேசைக்குப் போனாள்.

மேசை சன்னலோரம் இருந்தது. தண்ணீரில் கரையும் பெயிண்ட் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒரு மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில், புகுந்தவன் கலந்த பெயிண்டின் மிச்சம் இன்னும் ஈரமாக இருந்தது. தனுஷ்கோடி மேசையைத் தடவித் தடவி ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சில் நகத்தளவு பெயிண்ட் செதில்.

"அசல் இஞ்சினோடதும்மா. பழைய இரும்புக்குப் போன அன்னைக்குச் சாவியால சுரண்டி எடுத்தேன். இதுக்குச் சேர்ந்த நிறம்தான் நிறம்."

தங்கலட்சுமி கிண்ணத்துப் பெயிண்டை ஒரு வெள்ளைக் கரண்டியில் தொட்டு வைத்து, செதிலைப் பக்கத்தில் பிடித்தாள். அதே கருநீலம், ஆனால் ஒரு படி கூடுதல் கருப்பு. காயட்டும் என்று காத்திருந்தாள். ஜெயக்குமார் கண் கொட்டாமல் பார்த்தான்.

"அக்கா, காயக் காய இன்னும் கருக்குதே!"

"ம்."

பிறகு இஞ்சினைத் திருப்பி, அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலையில் பிளேடால் ஒரு நூலிழை சுரண்டினாள். மேல் நீலத்துக்குக் கீழே வேறொரு அடுக்கு தெரிந்தது.

"முதல்ல பச்சை ஏதும் அடிச்சீங்களா?"

"பச்சையா?" தனுஷ்கோடிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பச்சையை நான் தொடவே இல்லையே! கீழ இருக்கது என்னோட நீலம்."

ஜெயக்குமார் வாயைத் திறந்தான். தங்கலட்சுமி அவன் காலை மிதித்தாள். அவன் வாய் மூடியது.

வெளியே கார் வந்து நின்றது. வாசலுக்கு வந்து பார்த்தாள். கழியில் தொங்கிய நூல் வெயிலில் காய்ந்து, அரக்கு ஒரு படி வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜெயா, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடு."

கூடத்தில் ஐந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். சக்திகுமார் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். மணிக்கட்டு வரை சாயம் ஏறிய கைகளைக் கட்டியபடி சென்னகேசவன் கதவோரம் நின்றார். அவரைப் பார்த்ததும் தனுஷ்கோடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சக்திகுமார், இந்தப் பெயிண்டை நீங்க ஒரு நிறத்துக்குச் சேர்க்கணும்னா எப்படிக் கலப்பீங்க?"

"ஈரத்துல ஒரு படி வெளுப்பாத்தான் மேடம். காய்ஞ்சா கருக்குமே. மாடல் பண்றவனுக்கு அது பாலபாடம்."

"ராக்கம்மா, நீங்க?"

"எனக்கென்னத்தத் தெரியும்? செதிலைப் பார்ப்பேன், அதே மாதிரிக் கலக்குவேன்."

"அதேதான். தெரிஞ்சவங்க வெளுப்பாக் கலப்பாங்க. தெரியாதவங்க சரிக்குச் சரி கலப்பாங்க. ஆனா இங்க கலந்தவர் ஈரத்துலயே ஒரு படி கருப்பாக் கலந்திருக்கார். ஏன்? காய்ஞ்சா வெளுக்கும்னு அவர் கை நம்புது. பெயிண்ட் வெளுக்காது. வெளுக்கிறது நூல்ல ஏத்துன சாயம்."

ராக்கம்மாள் கையை மோவாயில் வைத்தாள். எல்லார் பார்வையும் கதவோரம் திரும்பியது.

"கேசவனா!" தனுஷ்கோடிக்கு மூச்சு வாங்கியது. "மனு குடுத்ததுக்குப் பழியா? எட்டு மாச உழைப்பைக் கெடுத்துட்டானே!"

"கெடுக்க வந்தவர் பாலாடைப் பட்டைமேல ஒரு துளி படாம அடிப்பாரா?" என்றாள் தங்கலட்சுமி அமைதியாக. "கருப்புத்தான் ஒரு படி தப்பு. நீலம் அச்சு அசல் செதிலோட நீலம். தப்பா இருந்தது கீழே இருக்கிறது." மற்ற மூவரிடம் திரும்பினாள். "சக்திகுமார், ஜெயா, ராக்கம்மா, மூணு பேரும் பெட்டிகளைக் கார்ல ஏத்துங்க."

மூவரும் வெளியே போனார்கள். ராக்கம்மாள் மட்டும் வாசலில் நின்று, "களவாணி இல்லைன்னு ஆச்சுல்ல? ராத்திரிக்குத் தோசை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கலட்சுமி தனுஷ்கோடியின் எதிரே உட்கார்ந்தாள். "ஐயா, கீழே இருக்கிறது பச்சை. எனக்குத் தெரியுது, ஜெயக்குமாருக்குத் தெரிஞ்சுது. உங்களுக்கு மட்டும் ரெண்டும் நீலம். கண்ணுல புரை விழுந்தா எல்லாம் மஞ்சக் கண்ணாடி வழியாப் பார்க்கிற மாதிரிதான். நீலம் எது, பச்சை எதுன்னு பிடிபடாது. கருப்பு ஏறினா மட்டும் தெரியும்."

பெரியவர் இஞ்சினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலால் அதன் முதுகைத் தடவினார்.

"சன்னல்ல பச்சையாக் காயப்போட்டிருந்தாக. இவுக ஓட்டுன வண்டி நீலம்னு ஊருக்கே தெரியும்," என்றார் சென்னகேசவன், தரையைப் பார்த்து. "சாயம் பார்த்துப் பழகுன கண்ணு, விடமாட்டேங்குது. மதுரையில நாலு பேரு இவுகளைப் பார்த்துச் சிரிச்சிருப்பாக. அதான், இவுக ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து வந்து, மேசையில இருந்த செதிலைப் பார்த்துக் கலந்தேன். அதுலயும் என் கைப்பழக்கம் காலை வாரிருச்சு."

"வந்து சொல்லியிருக்கலாம்ல?" தனுஷ்கோடி இஞ்சினிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"என்னைக் கண்டா தெருவுல அந்தப் பக்கமாப் போறீக. எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்ல?"

நாலு வருஷமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள்.

"இன்னைக்கு வெள்ளிதான்," என்றாள் தங்கலட்சுமி. "நாளைச் சாயங்காலம் வரைக்கும் சக்திகுமாரைக் காத்திருக்கச் சொல்றேன். சென்னகேசவன் கண்ணும் உங்க கையும் சேர்ந்தா நிறம் வந்துடும். ஆனா அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. புரைக்கு ஆபரேஷன் ஒரு நாள் வேலை. இத்தனை நாளா ஏன் காட்டாம இருந்தீங்க?"

தனுஷ்கோடி தலையைத் தூக்கினார். பார்த்தது அவளை அல்ல, கதவோரம் மங்கலாக நின்ற உருவத்தை.

"தை மாசமே காட்டிட்டேன். ஆபரேஷன் அன்னைக்குக் கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும்னாக. நான் யாரைக் கூட்டிட்டுப் போறது, கேசவா?"