பின்பாதி

சாணார்பட்டி பஸ்ஸிலிருந்து பிலோமினா இறங்கியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சிறுமலை தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்தது. தெருவெங்கும் ஈரச் சுண்ணாம்பின் வாசம். கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. ஊரே தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தது.

அம்மா போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். அம்மாவுக்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். சாமியை அவள் விட்டுச் சில வருஷம் ஆகிறது.

விட்டதற்குப் பெரிய காரணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டிருந்தபோது, எதிரே யாரும் இல்லை என்று தெரிந்தது. கடைசி பஸ் போனது தெரியாமல் நிறுத்தத்தில் நிற்பவளைப் போல இத்தனை காலம் நின்றிருக்கிறாள். எழுந்து வெளியே வந்தாள். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னாள். அம்மாவிடம் அவள் எதையும் மறைத்ததில்லை.

அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. அன்று சாயங்காலம் ஜெபமாலையில் மகளின் முறையை எடுத்து மருமகளிடம் கொடுத்துவிட்டாள்.

விளக்கு வைத்ததும் அந்த வீட்டில் ஜெபமாலை நடக்கும். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மாதாவை நோக்கி ஒரு மந்திரம். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். முன்பாதி சொல்வது ஆளுக்கு ஒரு முறை. முறை இல்லாதவள் அந்த வீட்டில் விருந்தாளி.

மருமகள் நாகஜோதி வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி பொம்மையன் மகள். மில்லில் வேலை பார்த்தவள். மில் பஸ் ஓட்டிய தம்பி சூசையைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாள். ஞானஸ்நானத்தின்போது அம்மா தன் தாயின் பெயரை அவளுக்கு வைத்தாள். செபாஸ்தியம்மாள். அந்தப் பெயர் பிலோமினாவுக்குப் பிறக்கப்போகும் மகளுக்கென்று இருந்தது. மகள் பிறக்கவில்லை. பெயர் வந்தவளுக்குப் போனது.

சூசை வாசலில் ஷிப்டுக்குக் கிளம்பி நின்றான்.

"என்னக்கா நனைஞ்சு வார? செத்த நேரம் முந்தி போன் பண்ணிருந்தா மில்லு வண்டியிலயே கூட்டியாந்திருப்பேன்."

"உன் வேலை போயிரும்டா."

"போனா கோயில்ல மணியடிச்சுப் பொழச்சுக்கிறேன். நம்ம வீட்டுல ஒரு ஆளாச்சும் அந்தப் பக்கம் போகணும்ல."

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஜோதி காப்பி கொண்டுவந்தாள். கூடவே கோடாலித் தைல வாசமும் வந்தது. அம்மா ராப்பகலாக நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலம்.

"யாருக்குத் தலைவலி?"

"யாருக்கும் இல்ல மதினி."

ஜோதி கதவைப் பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"அத்தை வாராங்க."

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் ஜெபமாலை சொல்றப்ப வாராங்க. பின்னாடி உக்காந்து பின்பாதி சொல்றாங்க. எனக்குப் பயமில்ல மதினி. அவருகிட்ட இன்னும் சொல்லல. உங்க அம்மாவாச்சே, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான்."

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. திருஇருதயப் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. ஜோதி முழந்தாளிட்டாள். அவள் கையில் அம்மாவின் கறுத்த மரமணி மாலை.

"அதை அம்மா கையில சுத்தித்தானே அடக்கம் பண்ணுனோம்?"

"அது புதுசு மதினி. இதை எனக்குன்னு அத்தை சொல்லிட்டாங்க."

பிலோமினா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஜோதி முன்பாதி சொன்னாள். நிறுத்தினாள்.

ஓட்டில் மழை விழுந்தது.

ஜோதி காத்திருந்தாள். சரியாக ஒரு பின்பாதி சொல்லி முடிக்கும் நேரம். நடுவில் அம்மா மூச்சு வாங்குவாளே, அதற்கும் சேர்த்து. பிறகு அடுத்த மணியைத் தள்ளினாள். அவள் முகம் சாப்பிட்டு முடித்த குழந்தையின் முகம் போல இருந்தது.

பிலோமினா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலை முடியும் வரை மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

"கேட்டுச்சா மதினி?"

"மழை கேட்டுச்சு."

பேயே இல்லை என்கிறவளுக்கு, பேய் தன்னிடம் வரவில்லை என்று வயிறு எரிந்தது. இவளுக்கு வேறு அம்மா இருக்கிறாள். உயிரோடு, வேடசந்தூரில், ஆடு மேய்த்துக்கொண்டு. செத்துப்போன என் அம்மாவும் இவளுக்கேவா?

மறுநாள் காலை இருவரும் கல்லறைக்கு வெள்ளையடித்தார்கள். ஜோதி சிலுவையைக் கை வலிக்கத் தேய்த்தாள். பிலோமினா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோதி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுல மாலை சொல்லி வச்சிருக்கேன். முத்துச்சாமி கடை. எனக்கு உடம்பு முடியல. நீ போய் வாங்கிட்டு வந்துர்றியா?"

"சாயங்காலம் மாலை சொல்லணுமே மதினி."

"அதுக்குள்ள வந்துரலாம்."

அவள் மாலை எதுவும் சொல்லி வைக்கவில்லை. முத்துச்சாமி என்று யாரையும் தெரியாது. மதியத்துக்கு மேல் ஜோதி குடையோடு பஸ் ஏறினாள்.

பொழுது சாய்ந்தபோது மழை வலுத்தது. கரண்ட் போனது. சிவப்பு பல்ப் அணைந்தது. பிலோமினா மெழுகுவர்த்தி ஏற்றினாள். படத்தடியிலிருந்த டப்பாவைத் திறந்து மாலையை எடுத்தாள். முழந்தாளிட்டாள். முட்டி பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தது.

முன்பாதி சொன்னாள். வாய்ப்பாடு போல நாக்கு தானாகச் சொன்னது. நிறுத்தினாள்.

மழை.

அடுத்த மணி. மழை.

அடுத்த மணி.

தைல வாசம் வந்தது.

பின்னால், தரையோடு தரையாக, ஒரு குரல் பின்பாதியைத் தொடங்கியது. நடுவில் மூச்சு வாங்கியது. அதே இடம். அதே இழுப்பு.

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மணியைத் தள்ளினாள். சொன்னாள். பதில் வந்தது. மறுபடி சொன்னாள். நம்பிய காலத்தில்கூட அவள் இத்தனை ஆசையாக ஜெபம் சொன்னதில்லை.

"அம்மா," என்றாள்.

குரல் நின்றது.

"அம்மா, நான் பிலோமி."

பிடரியில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு. தைல வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. ஈரச் சுண்ணாம்பு.

"அவ எங்க?"

பிலோமினாவின் கை மாலையை இறுக்கியது.

"பூ வாங்கப் போயிருக்கா. நான் இருக்கேன்லம்மா."

"அவ எங்க?"

அதில் கோபம் இல்லை. பக்கத்தில் இருப்பவளைத் தாண்டி வேறொருத்தியைத் தேடுகிற குரல். அவ்வளவுதான்.

பிறகு அந்தக் குரல் தானே முன்பாதியைச் சொன்னது. நிறுத்தியது.

காத்திருந்தது.

முன்பாதி வெறும் வாழ்த்து. யாரும் யாரையும் வாழ்த்தலாம். பின்பாதியில் கேட்க வேண்டும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று, சாகும் நேரத்துக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாத ஒரு மாதாவிடம் எப்படிக் கேட்பது? உயிரோடு இருந்த அம்மாவிடம் சொல்லாத பொய் அது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மெழுகுவர்த்தியின் சுடர் படுத்து எழுந்தது.

மேலே யாரும் இல்லை என்பதில் அவளுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. பின்னால் ஒன்று இருந்தது.

கதவு தட்டப்பட்டது. கரண்ட் வந்தது. ஜோதி சொட்டச் சொட்ட நின்றாள். கையில் செவ்வந்தி மாலை.

"முத்துச்சாமின்னு கேட்டா சிரிக்கிறாங்க மதினி. எந்த முத்துச்சாமின்னு அவங்க என்னையக் கேக்குறாங்க. நானே ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன்." டப்பாவைப் பார்த்தாள். "அத்தை மாலை எங்க?"

"நான் பாக்கல."

மாலை பிலோமினாவின் கைப்பைக்குள் இருந்தது.

ஜோதி துணி மாற்றிவிட்டு விரல்களில் எண்ணி ஜெபம் சொன்னாள். முன்பாதி சொல்லிக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனதை பிலோமினா கடைசி வரை பார்த்தாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

கல்லறைத் திருநாள் முடிந்து அவள் கோயம்புத்தூர் திரும்பினாள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தது. உட்கார வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு இடம் போனார்கள்.

அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அது அவள் முதுகுக்குப் பின்னால் முன்பாதி சொல்லும். காத்திருக்கும். அவள் வாய் திறக்க மாட்டாள். அவ எங்க என்று கேட்கும். ஒரு நாளும் பிலோமி என்று கூப்பிட்டதில்லை.

ஒரு சாயங்காலம் ஜோதி போன் பண்ணினாள்.

"நீங்க போனதுலருந்து அத்தை வரவே மாட்டேங்கிறாங்க மதினி. உங்ககிட்ட வாராங்களா?"

"நான் இதெல்லாம் நம்புறதில்லன்னு உனக்குத் தெரியும்ல."

"அது தெரியும். வாராங்களா?"

"இல்ல."

பின்னால் முன்பாதி தொடங்கியது.

பிலோமினா போனைக் கையால் பொத்தினாள். பொத்துவதற்குள் அது பாதி சொல்லிவிட்டிருந்தது. சொல்லி முடித்தது. காத்திருந்தது.

பிறகு, மிக மெதுவாக, ஜோதி பின்பாதி சொன்னாள். விம்மிக்கொண்டே சொன்னாள். மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தி, முழுதாகச் சொல்லி முடித்தாள்.

பின்னால் அடுத்த முன்பாதி எழுந்தது. இப்போது அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. பிலோமினா இதுவரை கேட்காத சந்தோஷம்.

முன்பாதி முதுகுக்குப் பின்னால். பின்பாதி காதில். நடுவில் அவள்.

போனை அணைக்க விரலைக் கொண்டுபோனாள். அணைக்கவில்லை. அணைத்தால் அம்மாவின் குரலில் அந்தச் சந்தோஷம் போய்விடும்.

மடியில் மாலை கிடந்தது. அதை அவள் தொடவில்லை.

அதில் ஒரு மணி நகர்ந்தது.