கிரீட் தீவில் கருகிய குக்கர்

டப்!

ரைஸ் குக்கர் புகைந்தது. விடுதி முழுக்கக் கரண்ட் போனது.

"யா அல்லாஹ்... சோறு போச்சே!" அஃப்சானா வராந்தாவுக்கு ஓடி வந்தாள்.

"அமெரிக்கா குக்கரா? அடாப்டர் போட்டா பிளக்தாங்க மாறும்... வோல்டேஜ் மாறாது."

பக்கத்து அறை வாசலில் ஒருவன். கையில் டிரிம்மர். முகத்தில் பாதித் தாடிதான் மிச்சம். கண்களில் மட்டும் அநியாயத்துக்குச் சிரிப்பு...

"நான் உங்களைக் கேட்டேனா?"

"நீங்க கேக்கல. என் மீதித் தாடி கேக்குது!"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

அவன் சுஃபியான். டெக்சாஸில், இர்விங்கில் வேலை. இவள் கலிபோர்னியா டப்ளின்காரி. ரொட்டியைக் கண்டாலே முகம் சுளிக்கும் உம்மா ரசியா பேகத்துக்காகத்தான் குக்கரும் கூடவே பறந்து வந்தது. மதியம் அவனே விடுதிக்காரம்மாவிடம் கேஸ் அடுப்பைக் கேட்டு வாங்கிச் சோறு வடித்தான். உம்மா உருகிப்போனார்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே பதுங்கிய குட்டி வளைகுடா. அலையே இல்லை. கால் விரல்கள் தெரியும் தண்ணீரில் மூன்று மாலைகள் பேசிக்கொண்டே நடந்தார்கள். உம்மா மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவன் நம்பர் கேட்கவே இல்லை. நானா கேட்பேன்? அவளுக்கு வீம்பு.

அஃப்சானாவும் உம்மாவும் கிளம்பும் நாள். டாக்சி வந்துவிட்டது.

"போய்ட்டு வரேன்..."

"ம்."

"அவ்ளோதானா?"

அவன் கடலைப் பார்த்தான். "ஒரே பொண்ணு, டெக்சாஸுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்னு ஆன்ட்டி நேத்தே சொல்லிட்டாங்க. அவங்க மனசை நோகடிக்க வேணாம்னுதான்..."

"அது உம்மா சொன்னது. என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா?"

கண் கலங்கியது. வீம்பு எங்கோ போய்விட்டது. "பிடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பேன்... ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்தாங்க... முதல் நாளே!"

வெட்கமும் அழுகையுமாய், உம்மா காத்திருந்த டாக்சிக்கு ஓடினாள். உம்மா அவள் முகத்தையே பார்த்தார்.

"அழுதியா?"

"உம்மா... அவரைக் கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு. டெக்சாஸா இருந்தாலும் பரவாயில்ல."

கிளம்பவிருந்த டாக்சியை உம்மா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு முந்தானையால் மகளின் கன்னத்தைத் துடைத்தார்.

"அப்போ அவங்க வாப்பா நம்பர வாங்காம ஏண்டி வந்தே? இறங்கு... போய் வாங்கிட்டு வா!"