மூச்சு விடாத மெஷின்

“ஒனக்கு வாய் இரிக்கா புள்ள?” என்று, அவள் நானா என்று அண்ணன் முறையில் அழைக்கும் ஃபஸ்லான் ஒருநாள் இனாஸிடம் கேட்டான். அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. பதினொரு வயது இனாஸ் அப்படித்தான். பார்ப்பாள், கேட்பாள், பேசமாட்டாள்.

கற்பிட்டியில் கடல்நீர்க் களப்பின் ஓரமாக ஜபார் ஹாஜியாரின் பெரிய வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை இனாஸின் உம்மாவுக்குக் கிடைத்து ஒரு வாரம்தான். இன்று பின்னேரம் ஹாஜியாரின் மகள் றிஷ்னா கைக்குழந்தையோடு கொழும்பிலிருந்து வருகிறாள். அதற்குள் வீடு குளிரவேண்டும்.

முழு வீட்டுக்கும் ஒரே ஏஸி. பிரேக்கர் பெட்டியில் அதற்குத் தனிச் சுவிட்ச். ஹாஜியாரின் தங்கை மகன் ஃபஸ்லான் அதை மேலே தள்ளினான். குளிர்காற்று வந்தது. பத்து நிமிடம்தான். “டக்!” சுவிட்ச் விழுந்தது.

மறுபடி தள்ளினான். மறுபடியும் “டக்!”

“ஜன்னலத் தொறந்து வெச்சிருப்பீங்க மாமி! ஏஸி போடத் தெரியாத ஆள வெச்சி என்ன செய்ற? மாமாட்ட சொல்லி வேற ஆளப் பார்க்கணும்.”

உம்மாவின் முகம் வாடிவிட்டது. ஃபஸ்லான் மூன்றாம் முறை கையை நீட்டினான்.

“போடாதீங்க!”

யாருடைய குரல் என்று உம்மாவே திரும்பிப் பார்த்தாள். இனாஸ்தான்.

“வாப்பாட போட் எஞ்சினுக்குத் தண்ணி போற ஓட்டையில பாசி அடச்சா சூடாகி நின்டுரும் நானா. அத எடுக்காம திரும்பத் திரும்ப இழுத்தா எஞ்சினே போயிரும்.”

“இது என்ன, மீன் புடிக்கப் போற ஏஸியா?” ஃபஸ்லான் சிரித்தான்.

இனாஸ் வீட்டின் பின்பக்கம் ஓடினாள். அங்கே ஏஸியின் வெளி மெஷினைத் தலைமுதல் கால்வரை மழைக்குப் போர்த்தும் நீலத் தறப்பாளால் சுற்றி, வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. தறப்பாளைத் தொட்டாள். கொதித்தது.

“உம்மா! இதுக்கு மூச்சு விட வழியே இல்ல!”

“இத ஆரு இப்பிடிக் கட்டின?” என்றாள் உம்மா.

ஃபஸ்லான் தன் செருப்பைப் பார்த்தான். “கடல்ல இருந்து வார கச்சான் காத்துல உப்புப் படும் எண்டு… நான்தான்.”

முடிச்சுகளை இனாஸ் நொடியில் அவிழ்த்தாள். மீனவன் மகள் அல்லவா! சுவரில் இருந்த ஏஸிக் குமிழைத் திருகி முதலில் நிறுத்தச் சொன்னாள். மெஷின் ஆற அரை மணி நேரம் பொறுத்தாள். பிறகு ஈரமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“போடு மகள்,” என்றாள் உம்மா.

சுவிட்ச் மேலே போனது. குமிழை உம்மா திருகினாள். பத்து நிமிடம். இருபது நிமிடம். “டக்” வரவேயில்லை.

வாசலில் வேன் வந்து நின்றது. குழந்தையோடு உள்ளே வந்த றிஷ்னா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். “அல்ஹம்துலில்லாஹ், நல்ல குளிர்! ஆரு போட்ட?”

“என்ட மகள்!” உம்மா சொன்னது களப்பின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

ஃபஸ்லான் தறப்பாளை நாலாக மடித்தான். அதைத் தன் மோட்டார் சைக்கிளில் வைத்தான். ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டான்.