நட்சத்திரம் போட்ட வரி

அந்த வரியில் பெயர் இல்லை.

மற்ற வரிகளில் எல்லாம் இருந்தது. எந்த வேலை, அதை ஏவியது யார், மொத்த நேரத்தில் அது தின்ற பங்கு எவ்வளவு என்று கறுப்புத் திரையில் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, கணினி நிரலின் தொடக்கத்துக்கும் மேலே, பெயரில்லாமல் ஒரு வரி. அது செய்த வேலை: காத்திருத்தல். தொடக்கத்துக்கு மேலே எதுவும் இருக்க முடியாது. வாசலுக்கு வெளியே வீட்டின் அறை ஒன்று இருப்பதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அடுத்தவர் நிரலில் பிழை பிடிப்பதுதான் அவள் சோறு. நிரல் எழுதுகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்கும் கருவி ஒன்றை அந்த நிறுவனம் செய்தது. அதில் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கட்டளையைத் தட்டினால் பதில் வரும். இப்போது புதிதாக ஒரு வசதி. கட்டளையோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டினால், கருவி ஓடும்போதே அதை அடிக்கடி நிறுத்தி, 'இப்ப எங்க நிக்கிற?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, நேரமெல்லாம் எங்கே போனது என்று கடைசியில் காட்டிக்கொடுத்துவிடும். அது ஒழுங்காகக் காட்டிக்கொடுக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. இன்றைக்குள் முடிக்க வேண்டும்.

இன்றைக்கு மட்டும் தாமதமாகக் கூடாது. மகள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள். அப்பா என்கிற மனிதர் வேறெங்கோ வேறொரு குடும்பத்துக்கு அப்பாவாக இருந்ததால், கூட்டிவர இவளை விட்டால் ஆள் கிடையாது. நேற்றும் குழந்தைதான் கடைசியாக நின்றது. "இன்னொரு தடவை லேட்டானா வேற இடம் பாத்துக்கங்க" என்று காப்பகத்து டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "நாளைக்கு அம்மாதான் ஃபர்ஸ்ட்டு வருவேன்" என்று மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

மேலாளர் வந்து நின்றார். "என்னம்மா, முடிஞ்சுதா?"

"ஒரு வரி அதிகமா வருது சார். ஒவ்வொரு தடவையும் அதோட பங்கு கூடிக்கிட்டே போகுது."

"நேரக் கணக்குன்னா மாறத்தான் செய்யும். நட்சத்திரம் போட்டு விடு."

"பிரச்சனை நம்பர் இல்ல சார். வரியே இருக்கக் கூடாது."

"அப்ப உக்காந்து கண்டுபிடி. எனக்கென்ன."

சோதனையில் எதிர்பார்க்கும் பதிலை முன்னாலேயே எழுதி வைப்பார்கள். வந்த பதில் ஒரு எழுத்து பிசகினாலும் சோதனை தோற்றுவிடும். மாறிக்கொண்டே இருக்கும் வரிகளுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். இந்த இடத்தில் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று அதற்கு அர்த்தம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை. அதைச் செய்கிறவர்களை அவள் இத்தனை நாளும் மனத்துக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுபடி ஓட்டினாள். நாற்காலி கிறீச்சிட்டது. அவள் அசையவில்லை.

அது அவளோடு வேலை பார்த்த தாடி அண்ணனின் நாற்காலி. பழைய நேர அளவுகளை எல்லாம் அவர் இந்தக் கணினியில்தான் எடுத்திருந்தார். ஒப்பிட வேண்டுமானால் அதே கணினி வேண்டும், அதனால்தான் அவள் இந்த மூலைக்கு வந்தாள். அவர் இங்கேயேதான் செத்தார். காதில் ஹெட்போன், கண் திரையில், கை விசைப்பலகையில். டெஸ்ட் ஓடுகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் கடந்து போனார்கள். "சாப்பிட வரலையாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளும் போனாள். சாயங்காலம் பெருக்க வந்த அக்கா தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த அக்கா இப்போதெல்லாம் இந்த மூலைக்கே வருவதில்லை. "அந்தச் சீட்டைத் தொடச் சொல்லாத கண்ணு" என்பாள். நிறுவனம் பெரிய மாலையாக வாங்கிப் போட்டது. நாற்காலியைத்தான் மாற்றவில்லை.

ஓட்டம் முடிந்தது. பெயரில்லாத வரி பாதி நேரத்தைத் தின்றிருந்தது. எங்கிருந்தோ தைல வாசனை வந்தது. கழுத்து வலிக்கு அவர் தேய்த்துக்கொள்ளும் தைலம். விசைகளின் இடுக்கில் இன்னும் ஒட்டியிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகளை நினைத்தாள்.

நட்சத்திரம் போட்டாள்.

கடைசியாக ஒரு முழு ஓட்டம். பச்சை எழுத்தில் வந்தது: தேறியது. அதற்குக் கீழே அறிக்கை. அதில் இப்போது ஒரே ஒரு வரிதான் இருந்தது. மொத்த நேரமும் அதற்கே. காத்திருத்தல்.

எழுந்துவிட நினைத்தாள். கை வரவில்லை.

விரல்கள் விசைகளின் மேல் கிடந்தன. அவளுடைய விரல்கள்தான். கால் வரவில்லை. கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. வாய்க்குள் நாக்கு ஈரத் துணியாய்க் கிடந்தது.

"அக்கா, கிளம்பலையா?" பக்கத்து மேசைப் பெண். இரண்டு நொடி நின்றாள். "சரி, கோவம் போல."

போய்விட்டாள்.

மேலாளர் தோளுக்குப் பின்னாலிருந்து பச்சை எழுத்தைப் பார்த்தார். "பாஸாயிடுச்சா? இதைத்தானம்மா அப்பவே சொன்னேன்."

அவரும் போய்விட்டார்.

என்னைப் பாருங்கள். ஒருமுறை தொடுங்கள். சத்தம் உள்ளேயே சுற்றியது. தைல வாசனை நெருங்கியது. மேசைக் கொக்கியில் தொங்கிய தாடி அண்ணனின் ஹெட்போன் அவள் தலைக்கு மேலே உயர்ந்து, பதமாக, காதுகளில் இறங்கி உட்கார்ந்தது. பார்க்கிறவர்களுக்கு வேலை நடப்பதாகத் தெரிய வேண்டுமல்லவா.

துடைப்பத்தோடு அக்கா வந்தாள். கடைசி நம்பிக்கை. மேசை மேசையாகப் பெருக்கிக்கொண்டே வந்தாள். இந்த மூலைக்கு முன்னால் நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். அதில் அசையாமல் இருந்த முதுகைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு அங்க போய் உக்காந்த?" என்றாள், கிட்டே வராமல்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பி நடந்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மேசையில் போன் ஒளிர்ந்தது. காப்பகம். அந்த எண்ணுக்கு அவள் வைத்திருந்த மகளின் முகம் திரை முழுக்க. நின்றது. மறுபடி ஒளிர்ந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் விசைப்பலகையின் மேலேயே இருந்தன. தைலம் மணக்கும் மூன்றாவது கை ஒன்று தோளுக்கு மேலாக நீண்டு வந்து, போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தது.