ஊதாமல் குடித்தவன்

ஊதிச் சாப்பிடுகிறவனை நம்பி ஒரு நாட்டின் எல்லையை ஒப்படைக்க முடியாது.

லிஃப்ட் மெக்கானிக்கின் தீர்க்கமான முடிவு இது. எந்தப் பேரரசனும் கரண்டியை உதட்டருகே வைத்து ‘ஃபூ’ என்று ஊதியதாக வரலாற்றில் குறிப்பில்லையாம். சூடு என்றால் சூடாக இறங்க வேண்டும். பயமிருந்தால் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியனுக்கு இதை லிஃப்ட் குழிக்குள் நின்றபடி பலமுறை விளக்கியிருக்கிறான். எலக்ட்ரீஷியன் எதிர்த்துப் பேசுவதில்லை. அவன் டீயை ஊதிக்கொண்டிருப்பான்.

அன்று மழையும் குளிரும் பேசிவைத்துக்கொண்டு வந்தன. இருவரும் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குள் ஓடி ஏறினார்கள். மேடையில் இரண்டு அடுப்புகள். ஒன்றில் எண்ணெய்ச் சட்டி, அதன் பின்னால் கடைக்காரர். மற்றதில் உயரமான பாத்திரம், அதன் பின்னால் ஆவி. ஆவி மெல்ல விலகியது...

இரண்டு கண்கள். மழையில் நனையாமலே ஈரமாக இருந்த கண்கள்.

“சூடா இருக்கா?” என்றான் மெக்கானிக், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“எதைக் கேக்கறீங்க? சூப்பையா, என்னையா?”

“சூ... சூப்பை.”

“ரெண்டும் சூடுதான். பாத்து.”

கிண்ணத்தில் பார்லி, பயறு, பூசணி, கேரட், மேலே பொடித்த மிளகு. “ஒரு கிண்ணம் குடிச்சா ராத்திரி வரைக்கும் பசிக்காது. ஊதிக் குடிங்க” என்றாள்.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஊதியிருப்பான். சொல்லிவிட்டாளே! எலக்ட்ரீஷியன் வேறு பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டி நேராக வாய்க்குள் போனது.

பூசணித் துண்டு தொண்டையில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. கண்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை... பொலபொலவென்று கொட்டின.

அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “ஐயோ... அழறீங்களா? அவ்வளவு பிடிச்சிருக்கா?”

உண்மையைச் சொல்ல நாக்கு வேண்டும். நாக்கு வெந்துபோயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

“அண்ணா! இங்க வாயேன்! என் சூப்பைக் குடிச்சு ஒரு மனுஷன் அழறார்!”

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எல்லாம் தெரிந்த எலக்ட்ரீஷியன் தன் கிண்ணத்தை ஊதியபடி மௌனம் காத்தான். நண்பன் என்றால் அவன்.

மறுநாளும் போனான். மறுநாளும் ஊதவில்லை, கொள்கை. மறுநாளும் அழுதான். தெருவில் அவன் பெயரே ‘அழுவுற சார்’ ஆனது. அவனுக்கோ கடைக்காரர்தான் ‘சார்’.

அவன் கிண்ணம் காலியாகும்வரை அவள் பேசுவாள். அந்த இரண்டாவது அடுப்பு அண்ணன் மனசு வைத்துக் கொடுத்தது. எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வாராம். “சூப்பெல்லாம் காய்ச்சல்காரன் குடிக்கிறது, குளிருக்குப் பொரிச்சதுதான் ஓடும்னு சொல்றான். பொரிச்சது வாயோட போயிடும் சார். இது வயித்துல உக்காந்து ஆளையே சூடாக்கும். பஸ் ஓட்டறவர் ஒருத்தர், நின்னுக்கிட்டே ரொட்டியை முழுங்கிட்டு ஓடுவார். இப்ப இங்க உக்காந்து சாப்பிடறார், தெரியுமா?”

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு அந்தப் பேச்சே ஓடியது. ‘நான் கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டேன்?’ ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, ஜன்னலருகே நின்றபடி விழுங்கும் ரொட்டி... யாருக்காக ஆற வைப்பது? யார் எதிரே உட்கார்ந்து ஊதுவது?

ஒரு சாயங்காலம் கடைக்காரர் புத்தம் புதிய எண்ணெய்ச் சட்டியோடு வந்து நின்றார்.

“நாளையிலேருந்து ரெண்டாவது அடுப்புல இதுதான்.”

“என் சூப்பைக் குடிச்சு தினமும் ஒருத்தர் அழறார்ணா! சார், நீங்களே சொல்லுங்க. எதுக்கு அழறீங்க?”

கண்கள் அவன்மேல் வந்து நின்றன. இன்னொரு பொய், அவ்வளவுதான், அடுப்பு பிழைத்துவிடும். ஆனால் இந்தக் கண்கள் அதை நம்பிவிடுமே... அதுதான் தாங்கவில்லை.

“நாக்கு வெந்துடுச்சுங்க. தினமும். ஊதாம குடிச்சேன். ஒருநாள்கூட ருசியே தெரியல.”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ருசியே தெரியாம... பின்ன எதுக்குத் தினமும் வந்தீங்க?”

“அதானே?” என்றார் கடைக்காரர். சிரிப்பு பாதியில் நின்றது. “அதை விடு. தெருவே என்னை அண்ணேங்குது. நீ மட்டும் ஏன்யா சார் சார்ங்கற?”

அவன் செருப்பைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். வேறு வழியில்லை.

“அண்ணேன்னு கூப்பிட்டா... அவங்க எனக்குத் தங்கச்சி முறை ஆயிடுவாங்களே, சார்...”

எலக்ட்ரீஷியன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஊதுவதை நிறுத்தினான்.

அவள் சட்டென்று பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் மட்டும் சிவந்து தெரிந்தது. ஒரு கிண்ணத்தை ‘டக்’கென்று அவன் முன் வைத்தாள்.

“இத்தனை நாள் சாட்சி செல்லாது. இப்ப குடிச்சிட்டுச் சொல்லுங்க. பொய் சொன்னீங்கன்னா... அடுப்பு அண்ணனுக்கு.”

கரண்டியை எடுத்தான். உதட்டருகே வந்ததும் கை நின்றது. எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டிருந்தான், பேரரசர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபூ...

பார்லி மெத்தென்று கரைந்தது. பூசணியின் இனிப்பு, பின்னாலேயே மிளகு, அப்புறம் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்த கதகதப்பு. இவ்வளவு நாளும் இது இங்கேயா இருந்தது?

“நல்லா இருக்கு” என்றான் மெதுவாக. “உப்பு கொஞ்சம் கம்மி.”

எலக்ட்ரீஷியன் தலையில் கை வைத்தான்.

“இத்தனை நாள் அதையாவது சொன்னீங்களா?” என்றாள் அவள்.

“இத்தனை நாள் கண்ணுலேருந்து உப்பு விழுந்துடுச்சே...”

அடக்கி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். கடைக்காரர் தனக்கொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார். அடுப்பைக் கொடுத்ததிலிருந்து தங்கையின் சூப்பை அவர் வாயில் வைப்பது இதுவே முதல்முறை. ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. சிட்டிகை உப்பு. பிறகு புதுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தே மீதியைக் குடித்தார்.

“அடுப்பு உனக்கே” என்றார் தங்கையிடம். பிறகு அவனிடம், “இனிமே என்னை சார்னு கூப்பிடாத.”

“பின்ன எப்படி...?”

“யோசிச்சுச் சொல்றேன். வீட்ல பேசணும்ல?”

சாப்பிட வந்த கூட்டம் கலைந்தது. அவள் ஒரு கிண்ணத்தோடு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து நின்ற கால்கள், அவசரப் பசி. கரண்டியை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள்.

“இருங்க... சூடு.”

கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கினான். நாட்டின் எல்லையை யார் காப்பது என்ற கவலையே இல்லாமல், மெதுவாக ஊதினான்.